கண் அழுத்த நோய்: நடைப்பயிற்சி துணை நிற்கும், தலைகீழ் ஆசனங்களில் எச்சரிக்கை தேவை

புதுதில்லி: கண் அழுத்த நோய் இருப்பது தெரியவந்ததும் நோயாளிகளிடையே இருவேறு போக்குகள் காணப்படுகின்றன. சிலர், கண்ணுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என அஞ்சி, காலை நடையைக்கூட நிறுத்திவிட்டு வீட்டிற்குள் முடங்கிவிடுகின்றனர். வேறு சிலர், யோகாவும் உடற்பயிற்சியுமே நோயைப் போக்கிவிடும் என நம்பிச் சொட்டு மருந்தைக் கைவிடுகின்றனர். இரண்டுமே பார்வைக்குக் கேடு விளைவிப்பவை.

உடலுழைப்பு இந்நோயாளிகளுக்கு நன்மை தரக்கூடியதே. ஆனால் எல்லாப் பயிற்சிகளும் கண்ணுக்கு ஒன்றல்ல. சில பயிற்சிகள் கண்ணின் உள் அழுத்தத்தைக் குறைக்கின்றன. சில, ஓரிரு நிமிடங்களில் அதை இருமடங்காக உயர்த்திவிடுகின்றன. எது எத்தகையது என்பதை அறிந்துகொள்வது எஞ்சியிருக்கும் பார்வையைக் காத்துக்கொள்ள உதவும்.

நோயின் தன்மை

'கிளாகோமா' எனப்படும் கண் அழுத்த நோய், கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் நோயாகும். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த திரவம் ஒன்று இடைவிடாது சுரந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள வலை போன்ற திசு வழியாக வடிந்து, நுண்ணிய சிரைகளில் கலக்கிறது. சுரப்புக்கும் வடிதலுக்கும் இடையிலான சமநிலை குலையும்போது கண்ணின் உள் அழுத்தம் உயர்கிறது. பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரையிலான அழுத்தம் இயல்பானதாகக் கருதப்படுகிறது. எனினும், இந்த அளவுக்குள் இருக்கும்போதே நரம்பு சிதையும் வகை நோயும் உண்டு.

பெரும்பாலான நோயாளிகளுக்குத் தொடக்கத்தில் வலியோ மங்கலோ இருப்பதில்லை. பக்கவாட்டுப் பார்வை முதலில் குறைகிறது. நேர்ப் பார்வை கடைசி வரை தெளிவாகவே இருப்பதால் இழப்பு உணரப்படுவதில்லை. ஒருமுறை இழந்த பார்வையை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ மீட்க இயலாது. மேலும் இழக்காமல் தடுப்பதே சிகிச்சையின் நோக்கமாகும்.

இந்தியாவில் 40 வயதைக் கடந்தோரில் சுமார் 1.12 கோடி பேருக்கு இந்நோய் இருக்கலாம் என 2010-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்கள் என்பதைச் சென்னை உள்ளிட்ட இடங்களில் நடந்த கள ஆய்வுகள் காட்டியுள்ளன.

அழுத்தத்தைக் குறைப்பதுதான் இந்நோயின் போக்கை மாற்றும் என மெய்ப்பிக்கப்பட்ட வழி. தொடக்கநிலை நோயாளிகளிடம் சுவீடனில் நடத்தப்பட்ட நீண்டகாலச் சோதனையில், அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு குறைவது கண்டறியப்பட்டது. ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு கூடப் பொருட்டாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம்.

நடக்கும்போது கண்ணில் நிகழ்வது

வேகநடை, மெது ஓட்டம், மிதிவண்டி ஓட்டுதல் போன்ற, மூச்சும் இதயத்துடிப்பும் சீராக உயரும் பயிற்சிகளைச் செய்தபின் கண் அழுத்தம் தற்காலிகமாகக் குறைகிறது. பயிற்சியின்போது குருதியின் அடர்த்தி சற்றுக் கூடி, கண்ணிலிருந்து நீரை ஈர்த்துக்கொள்வது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. திரவச் சுரப்பு குறைவதும் மற்றொரு காரணமாகக் கூறப்படுகிறது. பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

தொடர்ந்து பயிற்சி செய்தால் பயன் சற்று நீடிக்கக்கூடும். நோய் ஐயத்திற்கு உள்ளான, உடலுழைப்புக் குறைந்த 9 பேரிடம் நடத்தப்பட்டு 1991-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வு இதைக் காட்டியது. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் அவர்களது கண் அழுத்தம் சராசரியாக 4.6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. பயிற்சியை நிறுத்திய மூன்று வாரங்களுக்குள் அது மீண்டும் உயர்ந்துவிட்டது. ஒன்பதே பேரிடம் கண்ட முடிவை அனைவருக்கும் பொருத்த இயலாது. ஆயினும், விட்டுவிட்டுச் செய்யும் பயிற்சியால் நிலையான பயன் கிட்டாது என்பதை அது உணர்த்துகிறது.

ஆய்வுகள் கூறுவதும் கூறாததும்

அழுத்தம் குறைவது ஒன்று. பார்வை காக்கப்படுவது வேறொன்று. இரண்டாவதைக் குறித்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. கண் அழுத்த நோய் உள்ள அல்லது நோய் ஐயத்திற்கு உள்ளான 141 பேர், அசைவைப் பதிவு செய்யும் கருவியை ஒரு வாரம் அணிந்திருந்தனர். அந்தப் பதிவுகள் அவர்களது பார்வைப் புலப் பரிசோதனை முடிவுகளோடு ஒப்பிடப்பட்டன. நாளொன்றுக்குக் கூடுதலாக 5,000 அடிகள் நடந்தவர்களிடம் பார்வை இழப்பின் வேகம் சுமார் 10 விழுக்காடு குறைவாக இருந்தது.

இந்த முடிவைப் படிக்கும்போது ஒரு கேள்வியையும் எழுப்பிக்கொள்ள வேண்டும். நடந்ததால் பார்வை நிலைத்ததா, பார்வை நிலைத்திருந்ததால் அவர்களால் நடக்க முடிந்ததா? பார்வை குறையக் குறைய மக்கள் வெளியே செல்வதைத் தவிர்ப்பது இயல்பு. இத்தகைய ஆய்வு இரண்டுக்கும் இடையே தொடர்பு இருப்பதைக் காட்டுமேயன்றி, காரணத்தை உறுதிசெய்யாது.

பிரிட்டனின் 'யு.கே. பயோபேங்க்' தரவுகளைக் கொண்டு 2023-ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வும் இந்த எச்சரிக்கையை வலியுறுத்துகிறது. அதிகம் உழைப்பவர்களின் விழித்திரையில் நரம்பு அடுக்கு சற்றுத் தடிமனாக இருந்தது. ஆனால் அவர்களுக்குக் கண் அழுத்த நோய் குறைவாக வருகிறது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. மரபணுத் தரவுகளின் வழி செய்யப்பட்ட பகுப்பாய்வும் உடலுழைப்பே காரணம் என்பதை உறுதிப்படுத்தவில்லை.

எனவே, நடைப்பயிற்சி இந்நோயைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ கூறுவதற்கு இடமில்லை. அழுத்தத்தை ஓரளவு தணிக்கலாம். பார்வை இழப்பின் வேகத்தைக் குறைக்க உதவக்கூடும். இதயத்திற்கும் குருதிக் குழாய்களுக்கும் நன்மை செய்யும் என்பது உறுதி. அதைச் செய்வதற்கு இவையே போதிய காரணங்கள்.

தலைகீழ் நிலையில் இருமடங்கு அழுத்தம்

இந்தியாவில் கூடுதல் கவனம் பெற வேண்டியது யோகாசனம். கண்ணிலிருந்து வடியும் திரவம் இறுதியில் சிரைகளில்தான் கலக்கிறது. தலை இதயத்தைவிடத் தாழும்போது தலைப்பகுதிச் சிரைகளில் குருதி தேங்கி அழுத்தம் கூடுகிறது. திரவம் வடியும் பாதை அந்த எதிர் அழுத்தத்தால் தடைபட, கண்ணின் உள் அழுத்தமும் உடனே உயர்கிறது.

சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனையின் ஆய்வாளர்கள், யோகப் பயிற்சியில் தேர்ந்த 75 பேரிடம் இதை அளந்து 2006-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். சிரசாசனத்தில் நின்றபோது அனைத்து வயதினரிடமும் கண் அழுத்தம் இருமடங்காக உயர்ந்தது. ஆசனம் நீடித்த நேரம் முழுவதும் குறையாமல் இருந்தது. அதே வேளையில், சிரசாசனம் செய்துவந்த அவர்களிடையே இயல்பு நிலையிலும் கண் அழுத்தம் மிகுந்திருப்போர் வழக்கத்தைவிட அதிகம் இருக்கவில்லை. ஆகவே, நலமான கண் உடைய அனைவருக்கும் இவ்வாசனம் நோயைத் தரும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஏற்கெனவே நரம்பு பாதிக்கப்பட்டவர்களின் நிலை வேறு. நீண்டகாலம் சிரசாசனம் செய்துவந்த நோயாளிகளுக்குப் பார்வை இழப்பு கூடியது குறித்துத் தனிநபர் பதிவுகள் மருத்துவ இதழ்களில் வெளியாகியுள்ளன.

சிரசாசனம் மட்டுமின்றி, எளிதாகத் தோன்றும் ஆசனங்களும் கவனத்திற்குரியவை. நியூயார்க் கண் மற்றும் காது மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நலமுடைய 10 பேரும் நோயுள்ள 10 பேரும் பங்கேற்றனர். அதோமுக சுவானாசனம், உத்தானாசனம், ஹலாசனம், விபரீதகரணி ஆகிய நான்கிலும் இரு பிரிவினருக்கும் அழுத்தம் உயர்ந்தது. அதோமுக சுவானாசனத்தில்தான் ஏற்றம் மிகுதியாக இருந்தது. எழுந்து அமர்ந்த இரு நிமிடங்களில் அழுத்தம் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பியது.

காலைதோறும் பலர் செய்யும் சூரிய நமஸ்காரத்திலும் முன்னால் குனிந்து கால்களைத் தொடும் நிலையும், இடுப்பை உயர்த்தித் தலையைத் தாழ்த்தும் நிலையும் இடம்பெறுகின்றன. இந்நோய் உள்ளவர்கள் பயிற்சியாளரிடம் அதை முன்கூட்டியே தெரிவித்து, தலை தாழும் நிலைகளை விலக்கிய மாற்று வரிசையைக் கேட்டுப் பெறலாம். சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. தாடாசனம், விருட்சாசனம், வீரபத்ராசனம், பத்மாசனம் போன்ற, தலை நிமிர்ந்திருக்கும் ஆசனங்களில் இந்த இடர் இல்லை.

தரையில் விழுந்த பொருளைக் குனிந்து எடுப்பது, செருப்பின் வாரைக் கட்டுவது போன்ற நொடிநேர அசைவுகளுக்கு அஞ்சத் தேவையில்லை. தலை தாழ்ந்த நிலையில் நீண்ட நேரம் இருப்பதும், அதை நாள்தோறும் செய்வதுமே கவலைக்குரியவை.

எடை தூக்குதலும் மூச்சடக்குதலும்

உடற்பயிற்சிக் கூடங்களில் பளு தூக்கும்போது பலர் தம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கின்றனர். அப்போது மார்பிலும் வயிற்றிலும் உண்டாகும் அழுத்தம் சிரைகளின் வழியே தலைவரை எட்டுகிறது. மல்லாந்து படுத்து எடை தூக்கிய 30 ஆண்களை ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மூச்சை விட்டபடி தூக்கியவர்களைவிட மூச்சடக்கித் தூக்கியபோது கண் அழுத்தம் கூடுதலாக உயர்ந்தது.

தசை வலிமைப் பயிற்சி முற்றிலும் விலக்கப்பட வேண்டியதன்று. முதுமையில் தடுமாறி விழாமல் இருக்க அது உதவும். குறைந்த எடையைப் பலமுறை தூக்குவது, எடையை உயர்த்தும்போது மூச்சை வெளிவிடுவது, படுத்த நிலையைவிட அமர்ந்தோ நின்றோ செய்வது ஆகியவை பாதுகாப்பானவை. தலைகீழாகத் தொங்கும் கருவிகளையும், தலை தாழும்படி சாய்ந்த பலகைகளையும் தவிர்க்க வேண்டும். மலச்சிக்கலால் முக்குவதிலும் இதே விளைவு உண்டு என்பதால், அதையும் உரிய உணவாலும் மருந்தாலும் சரிசெய்துகொள்வது நல்லது.

தியானத்தின் பயன்

புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையத்தில், நோயாளிகள் 90 பேரிடம் மூன்று வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2018-ஆம் ஆண்டு வெளியாயின. மருந்துடன் தியானமும் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியும் மேற்கொண்டவர்களிடம், மருந்தை மட்டும் பயன்படுத்தியவர்களைவிடக் கண் அழுத்தமும், மனஅழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் சுரப்பும் குறைந்தன. வாழ்க்கைத்தரமும் மேம்பட்டது.

இந்த ஆய்விலும் நோயாளிகள் சொட்டு மருந்தை நிறுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அமர்ந்த நிலையில் சீராக மூச்சு விடும் பயிற்சிக்குத் தடையில்லை. மூச்சை வலிந்து நெடுநேரம் அடக்கும் பயிற்சிகளை மருத்துவரைக் கேட்காமல் செய்யலாகாது.

நீச்சல், ஓட்டம், தண்ணீர்

நீச்சல் நல்ல பயிற்சி. ஆனால் கண்குழியை இறுக்கிப் பிடிக்கும் சிறிய நீச்சல் கண்ணாடிகள் அழுத்தத்தை உயர்த்தக்கூடும். கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் அமரும் அகன்ற சட்டம் உடையவை ஏற்றவை.

கண்ணின் நிறமித் துகள்கள் உதிர்ந்து வடிகால் திசுவை அடைத்துக்கொள்ளும் ஒருவகைக் குறைபாடு, குறிப்பாகக் கிட்டப்பார்வை உள்ள இளைஞர்களிடம் காணப்படுகிறது. அத்தகையோர் வேகமாக ஓடுதல், குதித்தல் போன்ற உடல் அதிரும் பயிற்சிகளைச் செய்தபின் கண் அழுத்தம் உயரலாம். பயிற்சிக்குப் பின் பார்வை மங்கினாலோ விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரிந்தாலோ மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பதும் அழுத்தத்தைச் சிறிது நேரம் உயர்த்தும். தாகத்தை அடக்க வேண்டியதில்லை; கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுப் பருகினால் போதும்.

மருந்து எடுப்போர் கவனத்திற்கு

கண்ணில் விடும் மருந்தின் ஒரு பகுதி குருதியிலும் கலக்கிறது. பரவலாகப் பயன்படும் டிமோலால் போன்ற 'பீட்டா பிளாக்கர்' சொட்டு மருந்துகள் இதயத்துடிப்பைக் குறைக்கவல்லவை. இதனால் பயிற்சியின்போது சிலருக்கு விரைவில் களைப்பு தோன்றலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் ஏற்படலாம். அவ்வாறு நேர்ந்தால் பயிற்சியையோ மருந்தையோ தாமாக நிறுத்தாமல், மாற்று மருந்து குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஓரிரு நிமிடங்கள் மெல்ல அழுத்திக்கொண்டால், மருந்து உடலில் கலப்பது குறையும்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குனிதல், கனம் தூக்குதல், நீச்சல் ஆகியவற்றை மருத்துவர் கூறும் காலம் வரை தவிர்க்க வேண்டும். திரவம் வடியப் புதிய வழி அமைக்கப்பட்ட கண்ணில் பல ஆண்டுகளுக்குப் பின்னும் தொற்று ஏற்பட வாய்ப்புண்டு. கண் சிவந்து, வலித்து, நீரோ சீழோ வடிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விழாமல் நடப்பது எப்படி?

பக்கவாட்டிலும் கீழேயும் பார்வை குறைந்தவர்களுக்குத் தடுமாறி விழும் வாய்ப்பு அதிகம். விழுந்துவிடுவோமோ என்ற அச்சமே பலரை வீட்டிலேயே இருத்திவிடுகிறது. அதனால் தசை தளர்ந்து, விழும் வாய்ப்பு மேலும் கூடுகிறது.

பழகிய, சமதளமான பாதையில், நல்ல வெளிச்சத்தில், துணையுடன் நடப்பது இந்தச் சுழலிலிருந்து மீள உதவும். நடைபாதை சீராக இல்லாத, வாகனங்கள் மிகுந்த தெருக்களைவிடப் பூங்காவோ பள்ளி மைதானமோ மொட்டைமாடியோ ஏற்றது. மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்க வேண்டும். வெளியே செல்ல இயலாதவர்கள் ஓரிடத்தில் நின்றபடி நடப்பதும், நிலைமிதிவண்டியைப் பயன்படுத்துவதும் பயனளிக்கும்.

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவே மிதமான வேகம். நாள்தோறும் அரைமணி நேரம் நடந்தாலே இந்த இலக்கை எட்டிவிடலாம்.

பரிசோதனை யாருக்கு?

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தவர்கள், 40 வயதைக் கடந்தவர்கள், கிட்டப்பார்வை மிகுந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் பயன்படுத்துவோர் ஆகியோர் முறையாகக் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அழுத்தத்தை அளப்பது மட்டும் போதாது. பார்வை நரம்பையும், திரவம் வடியும் கோணத்தையும், பார்வைப் புலத்தையும் சோதிக்க வேண்டும். திடீரென்று கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை சேர்ந்து தோன்றினால் அது அவசர நிலை. சில மணி நேரத் தாமதமும் பார்வையைப் பறித்துவிடக்கூடும்.

இந்நோயில் மருந்தின் பயனை நோயாளியால் உணர முடிவதில்லை. மருந்தை நிறுத்துவதால் ஏற்படும் கேடும் உடனே தெரிவதில்லை. நடைக்குப் பின் உடலும் மனமும் லேசாவதால் கண்ணும் தேறிவிட்டது எனக் கருதுவது எளிது. அந்த எண்ணம் சரியா என்பதைப் பரிசோதனை மட்டுமே கூறும். சொட்டு மருந்து நாள் தவறாமல் தொடர வேண்டும். நடைப்பயிற்சி அதற்குத் துணையாக இருக்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கலாகாது.

(இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்கானது. புதிய பயிற்சியைத் தொடங்கும் முன் கண் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)